சபைக்குச் செலவில்லாத பாலம்

எங்கள் ராத்தாவின் கணவர் நளீர் மச்சானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது கோபம்தான். கோபம் அவர்மேல் இல்லை. இப்படி ஒரு மனிதன் ஊரில் இருந்தால், அந்த ஊரை ஆளுகிறவர்களுக்கு எவ்வளவு சுகமாகப் போய்விடுகிறது என்பதில்தான் கோபம்.

அவர் மேசன். பிறந்தது மருதமுனையில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பார். அப்படி என் மூத்த சகோதரி றுமானாவை முடித்து, கடலோரத்தில் இருக்கும் எங்கள் உம்மாவின் வீட்டு வளவுக்கு வந்தவர். கல்முனையில் எத்தனையோ பேருக்கு மாடி எழுப்பிக் கொடுத்தார். சொந்த வீட்டுச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. கேட்டால், "அடுத்த மாசம்" என்பார். ராத்தா கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது அந்தச் சுவரில் காலண்டர்களைத் தொங்கவிட்டு மறைத்து வைத்திருக்கிறார்.

நான் பஸால். கல்யாணம் முடித்துத் தோணாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். பிரதான வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன்.

தோணா என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடலுக்குச் சமாந்தரமாக, ஊருக்குள்ளே நீளமாகக் கிடக்கும் ஓடை. வெயில் காலத்தில் முழங்கால் அளவு கறுத்த தண்ணீர், சல்வீனியாக் களை, பிளாஸ்டிக் போத்தல், செத்த கோழி. மாரி வந்தால் வயல்வெளித் தண்ணீர் முழுவதும் அதற்குள் இறங்கி வீடுகளுக்குள் ஏறும். அப்போது ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு போய், கடற்கரை மணல்மேட்டைப் பிளந்து வாய் வெட்டிவிடுவார்கள். தண்ணீர் ஒரே மூச்சில் கடலுக்கு ஓடும். போகிற போக்கில் எங்கள் பாலத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

கடலுக்கும் தோணாவுக்கும் இடையில் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் தோணாவுக்கு அந்தப் பக்கம்தான். வடக்கே எங்கள் ஆட்களின் தெருக்கள்; தெற்கே மீன்காரத் தெருவில் மீன்பிடிக்கிற தமிழ்க் குடும்பங்கள். பாலம் இல்லாவிட்டால் கடற்கரை மணலில் கால் புதையப் புதைய நடந்து, பெரிய வீதியைச் சுற்றித்தான் வரவேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்ணை அந்த மணலில் நடத்திக் கூட்டிப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

பழைய பாலம் சுனாமியோடு போனது. புதுப்பாலம் வரும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போனவர்களைக் காணவில்லை. நளீர் மச்சான் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் சட்டைப் பையிலிருந்த தன் லேஞ்சியை எடுத்து விரித்தார். விழுந்த சில்லறையோடு தென்னை மரத்தை அறுத்த குத்திகள் வாங்கி, சிரமதானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு, தோணாவின் குறுக்கே போட்டார். மீன்காரத் தெருவார் கயிறும் கையும் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் தோணா பாலத்தை அடித்துக்கொண்டு போவதும், பள்ளிவாசலில் லேஞ்சி விரிவதும், மச்சான் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதும் எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. கந்தூரிக்குச் சோறு வருவதுபோல, மாரி முடிந்தால் பாலம் வரும் என்று சனம் நம்பிவிட்டது.

சனம் நம்பினால் பரவாயில்லை. எங்கள் பிரதேச சபையும் நம்பிவிட்டது.

சபையின் பெயரை நான் எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஒன்றுதான் அப்படி என்று மற்றச் சபைகள் நினைத்துக்கொள்ளும். முந்தி இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வாய் கசக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றினார்கள். பஸ் நிற்காத இடத்தில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டினார்கள். அதில் ஆடுகள் படுக்கின்றன. ஊருக்குள் வருகிறவர்களை வரவேற்க ஒரு வளைவு கட்டினார்கள். அந்த வளைவுக்குக் கீழே வீதி குழியும் குண்டுமாகக் கிடந்தது. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம். அந்த வளைவில் இருந்த பளிங்குக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம், இதிலே நாலு கல்லின் காசில் பாலத்துக்கு ஒரு தூண் எழும்பியிருக்குமே என்று மச்சான் பல்லைக் கடிப்பார்.

பிறகு நாடே வங்குரோத்தானது. பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற சனம், வீண்செலவு செய்தவனை எல்லாம் வெறுத்தது. தேர்தல் வந்தபோது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், "ஒரு சதமும் வீணாகாது" என்று வாக்குக் கேட்டு நின்றார். மச்சான் அவருக்காக வீடு வீடாகப் போனார். தன் கையாலேயே பசை கிண்டி நோட்டீஸ் ஒட்டினார். அந்த மனிதர் வென்று சபைக்குத் தலைவர், அதாவது தவிசாளர் ஆனார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அவர் கள்ளன் இல்லை. சபை வாகனத்தைத் தொடமாட்டார், சொந்த மோட்டார் சைக்கிளில் வருவார். கூட்டத்துக்குத் தேநீர்கூட வெறும் தேநீர்தான். முந்தியவர்கள் வைத்துவிட்டுப் போன கடனை அடைத்தார். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் கடன் அடைந்த பிறகும் அந்தக் கை விரியவில்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. வடிகான் வேண்டும் என்றால் காசில்லை. தெருவிளக்கு என்றால் அடுத்த வருடம். மிஞ்சிய காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, அதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். சபை என்பது சேமிப்புப் புத்தகம் என்று அந்த மனிதரின் மண்டையில் யாரோ எழுதிவிட்டார்கள்.

போன மாரி முடிந்து பாலம் போட்ட கையோடு, ஒரு பின்மழையில் மீனாம்பிகை விழுந்தாள். மீன்காரத் தெருப் பெண். தலையில் மீன் பேசனோடு எங்கள் தெருவுக்கெல்லாம் வருகிறவள். ராத்தாவுக்கு அவளோடு அரைமணி நேரம் கதைக்காவிட்டால் பொழுது விடியாது. ஈரத்தில் ஒரு குத்தி புரண்டு, பேசனோடு தோணாவுக்குள் போய்விட்டாள். இடுப்பெலும்பு உடைந்தது. உயிர் தப்பியது பெரிய காரியம். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ராத்தா வீட்டில் டின்மீன் கறி.

மச்சான் அவளைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன்.

"நளீர் காக்கா, நீங்க என்னத்துக்கு முகத்தத் தொங்கப் போட்டுக்கு இரிக்கிறயள்?" என்றாள் அவள், எங்கள் ஆட்களைப்போல அண்ணனைக் காக்கா என்று கூப்பிட்டு. "நீங்க போட்ட பாலத்துல நான் எத்தன வருசம் நடந்த."

அவர் குனிந்து, அவளுடைய நாற்காலியின் கால் ஆடுகிறதா என்று பிடித்துப் பார்த்தார். திரும்பி வரும்போதுதான் என்னிடம் சொன்னார்: "மச்சான், இனி நான் குத்தி போடமாட்டன். என்னத்தக் கட்டினாலும் அது மரம். ஒரு நாளைக்கு ஒரு புள்ள விழும். சீமெந்துப் பாலம்தான் வேணும். அதுவும் அடுத்த மாரிக்கு முதல்."

சபைக்குப் போனார். ஒரு தரமல்ல, பல தரம். கடைசித் தரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தவிசாளர் மரியாதையாகத்தான் இருக்கச் சொன்னார்.

"கூலி ஒண்டும் வேணாம் சேர்," என்றார் மச்சான். "கம்பியும் சீமெந்தும் கல்லும் மட்டும் சபை தந்தாக் காணும். வேலைய நான் செய்து தாறன்."

"மேசன், சட்டியில இரிந்தாத்தானே அகப்பையில வரும்."

"சட்டியில இரிக்கி சேர். பேங்க்ல வெச்சிரிக்கம் எண்டு நீங்கதானே கூட்டத்தில சொன்ன."

"அது கஷ்ட காலத்துக்கு."

"மீனாம்பிகைக்குக் கஷ்ட காலம் வந்திட்டுது சேர்."

தவிசாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாடு விழுந்தது எப்பிடி எண்டு பாத்தீங்கதானே. கேட்டவனுக்கெல்லாம் குடுத்துக் குடுத்துத்தான் விழுந்த. உங்கட ஆக்கள் எவ்வளவு அழகா அந்தப் பாலத்த வருசா வருசம் போடுறீங்க. அதுல சபை கைவெச்சா அந்த ஒத்துமையும் கெட்டுப்போகும்."

எனக்கு அங்கேயே துப்ப வேண்டும் போல இருந்தது. ஏழையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, உன் முதுகு எவ்வளவு உறுதி என்று பாராட்டுகிற பேச்சு இது. அள்ளி இறைத்தவர்களைக் கண்டு அருவருத்தேன். அவர்களையாவது கள்ளர் என்று திட்டலாம். இவரைத் திட்டவும் வழியில்லை. கை சுத்தம், மனசு கருங்கல்.

ஆவணி மாதம் கூத்து நடந்தது. நிதியைச் சிறப்பாக முகாமை செய்த சபை என்று எங்கள் சபைக்கு ஒரு விருது கிடைத்தது. விருதைக் கொண்டாட விழா. வெறும் தேநீர்க் கூட்டம் நடத்துகிற மனிதர் அன்றைக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் றோல்ஸும் கட்லட்டும் வைத்தார். ஊருக்கு உழைத்தவர்களைக் கௌரவிக்கிறோம் என்று மச்சானையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போக மறுத்தார். ராத்தாதான் சேர்ட்டை அயன் பண்ணிக் கொடுத்து அனுப்பினார்.

தவிசாளர் பொன்னாடையைப் போர்த்திவிட்டு மைக்கில் சொன்னார்: "இந்தப் பாலத்துக்காக சபை இன்றுவரை ஒரு சதமும் செலவழிக்கவில்லை. நளீர் மேசன் போன்றவர்கள்தான் எமது சபையின் சேமிப்பு."

எங்கள் சனம் கை தட்டியது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பாலத்தில் வழுக்கி நடக்கிற பெண்கள், அந்தப் பாலத்துக்கு லேஞ்சியில் காசு போட்ட ஆண்கள், தங்களை ஏய்த்ததற்குத் தாங்களே கை தட்டினார்கள். கட்லட்டைத் தின்றுகொண்டே தட்டினார்கள். பள்ளிவாசல் தலைவர் கச்சிமுகம்மது ஹாஜியார் முன்வரிசையில் இருந்து, தாடியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். மச்சான் அந்த மஞ்சள் ஆடைக்குள் வியர்த்துக்கொண்டு, கீழே தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. சபையின் அடுத்த வருட வரவுசெலவைத் தீர்மானிக்கிற பாதீட்டுக் கூட்டமும் அதே காலத்தில்தான். ஒரு காலை, வெயில் ஏறிய பிறகு, எல்லோரும் பார்க்கத்தக்கதாக மச்சான் தோணாவுக்குள் இறங்கினார். கயிறுகளை அறுத்தார். ஆணிகளைப் பிடுங்கினார். குத்திகளை ஒவ்வொன்றாகக் கரைக்கு இழுத்து அடுக்கினார். செய்தி கேட்டு நான் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். நான் போகும்போது பாலம் இல்லை.

"என்ன மச்சான் செய்ற நீங்க?"

"பாதீட்டுக்கு முதல் தவிசாளர் வந்து பாக்கட்டும், இஞ்ச என்ன இரிக்கி எண்டு."

தவிசாளர் வரவில்லை. ஊர்தான் வந்தது. கறுத்த தண்ணீருக்குள் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிய பெண்கள் சபையைப் பேசவில்லை, மச்சானைப் பேசினார்கள். பொன்னாடை போட்டதும் தலை வீங்கிவிட்டது என்றார்கள். பிறத்தி ஊரான்தானே, எங்கள் பிள்ளைகளைப் பற்றி அவனுக்கென்ன என்றும் ஒருத்தி சொன்னாள். எத்தனையோ மாரி அவர் அந்தத் தண்ணீரில் நின்றது ஒரு காலைக்குள் கரைந்துவிட்டது. இருபது வருடமாக ஒன்றும் செய்யாத சபைமேல் யாருக்கும் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. சீ, என்ன சனம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. என் மனைவியும் அந்தச் சனத்தில் ஒருத்தியாக இருந்தபடியால் விழுங்கிக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் பொலிஸிலிருந்து அழைப்பு. பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகத் தவிசாளர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அது லேசான வழக்கில்லை. உள்ளே போட்டால் பிணை எடுப்பதே பெரும்பாடு. ராத்தா அழுதுகொண்டு என் கடைக்கு வந்தார். நானும் ஹாஜியாரும் மச்சானோடு போனோம். தவிசாளர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

பொறுப்பதிகாரி சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். "நீங்கள்தானா பாலத்தை உடைச்சது?"

"ஓம் சேர். நான்தான் கழட்டின," என்றார் மச்சான். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "குத்தத்த ஒத்துக்கிறன். கோட்டுக்கும் வாறன். அது சபைட பாலம் எண்டு மட்டும் தவிசாளர் எழுதி ஒப்பம் வெக்கட்டும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தவிசாளருக்கு எனக்கு முன்பே விளங்கிவிட்டது. வங்கிக்கார மூளையல்லவா? சபையின் பாலம் என்று ஒப்பம் வைத்தால், அதைத் திரும்பக் கட்டவேண்டியது சபை. அதில் விழுந்த மீனாம்பிகைக்கு வைத்தியச் செலவு கொடுக்கவேண்டியதும் சபை. முறைப்பாட்டுத் தாளைத் தவிசாளர் மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

"அது... உண்மையில மக்கள்ற பாலம்," என்றார் தவிசாளர்.

"அப்ப சபைச் சொத்து இல்லையா?" என்று கேட்டார் பொறுப்பதிகாரி.

"நேரடியா அப்பிடிச் சொல்லேலாது."

"பிறகு ஏன் ஐயா இங்க வந்தீங்க?"

முறைப்பாடு திரும்பப் பெறப்பட்டது. நாங்கள் வெளியே வந்தோம். மச்சான் ஜெயித்துவிட்டார் என்று நினைத்து, நான் எதிரே இருந்த கடையில் மூன்று பேருக்கும் பால்தேநீர் சொன்னேன். அவர் கிளாஸைத் தொடவில்லை. "என்னை உள்ள போட்டிரிந்தா பாலம் வந்திரிக்கும் மச்சான்," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தவிசாளர் எங்கள் பள்ளிவாசலுக்கு வந்தார். தொழுகை முடிந்ததும் ஹாஜியார் வாசலில் ஒரு பெரிய துணியை விரித்து, "மாரி வருது, பாலத்துக்குப் போடுங்க, நிலைச்சு நிற்கிற தர்மம்" என்றார். தவிசாளர் தன் சொந்தப் பணப்பையிலிருந்து முதல் தாளை எடுத்துப் போட்டார். அவரைப் பார்த்து ஊரே போட்டது. நளீருக்குப் பாடம் படிப்பிக்கவேண்டும் என்ற வேகத்தில், வேறெந்த வருடமும் விழாத அளவுக்கு விழுந்தது. அந்தக் காசில் பாதியைச் சபைக்கு வரியாகக் கட்டச் சொல்லியிருந்தால் ஒருவரும் கட்டியிருக்க மாட்டார்கள். தர்மம் என்ற பெயரில் கேட்டால் அள்ளிக் கொட்டுவார்கள்; உரிமை என்ற பெயரில் கேட்க ஒருவருக்கும் நாக்கு எழும்பாது. எங்கள் ஆட்களின் நல்ல குணமே எங்கள் ஆட்களின் கழுத்துச் சுருக்கு.

ராத்தாவும் போட்டிருந்தார். யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறார். அது தெரிந்து மச்சான் அவரைப் பார்த்தபோது நான் அங்கே இருந்தேன்.

"ஓம், போட்டன்தான்," என்றார் ராத்தா. "தண்ணி வந்தா உங்கட ரோசத்துக்கு மேலயா நாங்க நடந்து போற?"

மச்சான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நானும் கடைக்குத் திரும்பினேன்.

வேறு ஊரிலிருந்து ஆள் பிடித்துக் குத்திகளைப் போட்டார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. ஹாஜியார் துஆ ஓதினார். தவிசாளர் நடந்து பார்த்தார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மச்சான் அந்தப் பக்கமே போகவில்லை. வேலைக்குக் கடற்கரை மணலைச் சுற்றித்தான் போய்வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழை இறங்கியது. கடையைப் பூட்டிவிட்டு ராத்தாவைப் பார்க்கப் போனேன். பாலத்தில் கால் வைத்தபோது கீழே யாரோ நிற்பது தெரிந்தது. மச்சான். நெஞ்சளவு தண்ணீருக்குள், வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டு, குத்தியின் அடியைத் தோளால் தாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வந்த ஆட்கள் போட்ட கட்டு தளர்ந்து, நடுக்குத்தி மீனாம்பிகையைப் புரட்டிய மாதிரியே ஆடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "விடுங்க மச்சான். இடிஞ்சு விழட்டும். அந்தத் தவிசாளன் வந்து கட்டட்டும்."

கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு பள்ளிக்கூடம் இரிக்கி."

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் நாறியது. ஒரு நல்ல மனிதனால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதை நம்பி ஒரு சபையே நடக்கிறது என்பது எனக்கு அந்தத் தண்ணீருக்குள்தான் முழுவதும் உறைத்தது. இருட்டுப்படும் வரைக்கும் கட்டினோம்.

அந்த வாரமே பாதீட்டுக் கூட்டம் நடந்தது. மீன்காரத் தெருவிலிருந்து தெரிவான உறுப்பினர் துசாந், தோணாப் பாலத்துக்கு இந்த முறையும் ஏன் ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை என்று எழுந்து கேட்டிருக்கிறார். தவிசாளர் ஒரு கணமும் யோசிக்கவில்லையாம்.

"ஏன் ஒதுக்கணும்?" என்றாராம். "அங்கதான் பாலம் இரிக்கே."